மறுபடி தலைகாட்டும் மலக்குடல் புற்றுநோய்



மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து ஊர் திரும்புகிறவரிடம் புதுச்சேரியின் பாகூரிலும் வில்லியனூரிலும் அக்கம்பக்கத்தார் கேட்பது ஒரே கேள்வி: “எல்லாம் சரியாப் போச்சா?” அவரும் “சரியாப் போச்சு” என்றுதான் சொல்வார். ஐந்து வாரத்துக்கு மேல் கதிர்வீச்சுக்காகக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு அலைந்திருப்பார். அறுவைக்குப் பிறகு வார்டில் கிடந்திருப்பார். அதற்கும் பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏறியிருக்கும். இப்போது தையல் ஆறிவிட்டது, சாப்பாடு இறங்குகிறது, நடவுக்கு ஆள் தேடுகிறார்கள். “மூன்று மாதம் கழித்து வரவும்” என்று சீட்டில் எழுதியிருக்கும் வரி அந்த நேரத்தில் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்தச் சொற்பொழிவு அந்த வரியைப் பற்றியது. நோய் திரும்பினால் அதை மறுபடி பிடிக்க முடியுமா என்பதில் அந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் கைவிட்டுவிடுவதும் வழக்கம். “இனிமே எதுக்குப் போட்டு வதைக்கணும், வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடுங்க” என்பார்கள். பாசத்தில் வரும் பேச்சு அது. ஆனால் மலக்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை அது பல நேரம் அவசரத்தில் எடுக்கும் முடிவு. திரும்பி வந்த நோயையும் முழுவதுமாக அகற்றி, பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அது வாய்க்காது. யாருக்கு வாய்க்கும் என்பதைப் பரிசோதித்துச் சொல்ல முடியும். அந்தப் பரிசோதனை நடப்பதற்கு முன்பே வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறே இந்த நோயிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, இளம் வயதில், 1920களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு இருந்தது சீதபேதி என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன அந்தச் சாவு முத்துலட்சுமியை விடவேயில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் பேசினார், பணம் திரட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறந்தது. பிறகு டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். அந்தத் தங்கைக்கு நடந்தது இன்றும் நடக்கிறது. மலத்தில் ரத்தம் என்றால் நம் கிராமங்களில் முதலில் ‘மூலம்’ என்பார்கள், இல்லையென்றால் ‘உடம்புச் சூடு’ என்பார்கள். ‘மூலம், பௌத்திரம்’ என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பல மாதம் கழிந்துவிடும். முதல் முறை நோய் முற்றிய நிலையில் வருகிறவர்களுக்குத்தான் அது திரும்பும் வாய்ப்பும் அதிகம்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயோடு அங்கே வந்த 800 பேரைப் பார்த்தபோது அவர்களின் சராசரி வயது 47. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களின் நோய். அந்த 800 பேரில் நூற்றுக்கு 42 பேருக்கு மலக்குடலிலேயே கட்டி. வேகமாகப் பரவும் ஒருவகைச் செல்கள் கொண்ட கட்டி நூற்றுக்கு 13 பேருக்கு இருந்தது. ஆக, இங்கே இந்த நோய் வருவது வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவருக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவருக்கு. அவர் ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். மறுபரிசோதனைக்கு வராமல் போவதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று யாரும் எளிதில் சொல்லிவிடக் கூடாது.

நோய் ஏன் திரும்புகிறது? மலக்குடல் இருக்கும் இடத்தைப் பார்த்தால் புரியும். பெருங்குடலின் கடைசி 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் அது. இடுப்பெலும்புக் கூட்டுக்குள், குறுகிய குழியில் இருக்கிறது. முன்னால் மூத்திரப்பை, ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி, பெண்களுக்குக் கருப்பை. பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதியான திரிகம். இருபக்கமும் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள், நரம்புகள். அறுவை செய்கிறவரின் கைக்கு இடமே இல்லாத பகுதி. சில செல்கள் மிச்சமானாலும் அங்கேயே மறுபடி வளரும்.

லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1908இல் எழுதிய கட்டுரை இதைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டது. கீழ்ப்பக்கமாக மட்டும் கட்டியை எடுக்கும் அன்றைய முறையில் அவர் 57 பேருக்கு அறுவை செய்திருந்தார். அவர்களில் 54 பேருக்கு நோய் திரும்பியது. தன் கையால் செய்த வேலையின் தோல்வியை எண்ணி எழுதிய அந்த நேர்மை பெரியது. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து நோய் எங்கே மிச்சமிருந்தது என்று தேடினார். வயிற்றின் வழியாகவும் கீழ்ப்பக்கமாகவும் சேர்ந்து மலக்குடலையே முழுவதும் எடுத்து, வயிற்றில் நிரந்தரமாக மலத்துக்கு வழிவைக்கும் அறுவையை அந்தத் தேடலிலிருந்து உருவாக்கினார்.

அடுத்த பெரிய திருப்பத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தென் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரின் மருத்துவமனையில் வேலை பார்த்த பில் ஹீல்டு, 1982இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. நிணநீர்க் கணுக்கள் எல்லாம் அதற்குள்தான். நெல்லை உமி பிரியாமல் முழுசாக எடுப்பது போல, மலக்குடலை அந்தப் படலம் கிழியாமல் உறையோடு வெளியே கொண்டுவந்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்றார். முன்பு நூற்றுக்கு 20, 30 பேருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நோய், நல்ல கைகளில் பத்துக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்து எதுவும் இல்லை, புதிய இயந்திரம் எதுவும் இல்லை. வெட்டும் தளத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டதன் பலன் அது.

அதோடு கதிர்வீச்சு சேர்ந்தது. நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வந்தது. ஹீல்டு முறை அறுவை மட்டும் செய்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 8.2 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. அறுவைக்கு முன் ஐந்து நாள் கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் அது 2.4 பேராகக் குறைந்தது. இன்று மண்டலப் புற்றுநோய் மையங்களில் முதலில் கதிர்வீச்சு, மருந்து, பிறகு அறுவை என்று வரிசை போடுவதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. “கட்டியை உடனே எடுக்காம ஏன் லேட் பண்றாங்க?” என்று குடும்பத்தார் பதறும்போது மருத்துவர்கள் மனதில் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்குத் திரும்புகிறது. எங்கே திரும்புகிறது என்பதைப் பொறுத்துதான் எல்லாமே. இடுப்புக் குழிக்குள் மட்டும் வந்தால் ஒரு பாதை, கல்லீரலிலோ நுரையீரலிலோ வந்தால் வேறொரு பாதை, இரண்டிலும் சேர்ந்து வந்தால் இன்னொரு பாதை. இந்த மூன்றையும் ‘பரவிடுச்சு’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவதால்தான் தீர்க்கக்கூடிய நோய்க்கும் தீராத நோய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது.

இடுப்புக்குள் திரும்பும் நோய் சொல்லும் அறிகுறிகள் கிராமத்து வாழ்க்கையில் வேறு பெயர்களில் ஒளிந்துகொள்ளும். குத்தவைத்து உட்கார்ந்தால் அடியில் வலி. களை பறிக்கும்போது பிட்டத்திலிருந்து தொடை வழியாகக் காலுக்கு இறங்கும் வலி. இதற்கு ‘வாதம்’ என்றோ ‘இடுப்புப் பிடிப்பு’ என்றோ பெயர் வைத்து எண்ணெய் தேய்ப்பார்கள். ஆசனவாயை மூடித் தைத்த இடத்தில் ஆறாத புண், நீர்க்கசிவு. மறுபடி ரத்தம், மறுபடி அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு. ஒரு காலில் மட்டும் வீக்கம். மூத்திரம் சரியாகப் பிரியாமை. சாதாரண ஆளுக்கு இவை சாதாரணத் தொல்லைகளாக இருக்கலாம். மலக்குடல் புற்றுநோய்க்கு ஒருமுறை சிகிச்சை எடுத்தவருக்கு இவற்றில் எது வந்தாலும், அடுத்த தவணைக்குக் காத்திராமல், சிகிச்சை எடுத்த இடத்துக்கே போக வேண்டும். வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கட்டி எலும்பையும் நரம்பையும் நெருங்குகிறது.

அறிகுறியே இல்லாத காலத்தில் பிடிப்பது இன்னும் நல்லது. திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது. ஆகவேதான் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். கையால் பரிசோதனை, ‘சிஇஏ’ என்ற ரத்தப் பரிசோதனை, குறித்த காலத்தில் சி.டி. ஸ்கேன், ஓராண்டில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை என்று அதற்கு ஒரு முறை உண்டு. சிஇஏ என்பது 1965இல் கனடாவின் மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்த ஒரு புரதம். ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சில கட்டிகள் அந்தப் புரதத்தைச் சுரப்பதே இல்லை. முந்தைய எண்களோடு வைத்துப் பார்க்கும்போது அது படிப்படியாக ஏறுகிறதா என்பதே கேள்வி. பழைய ரிசல்ட் தாள்களைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 39 மருத்துவமனைகளில் 1,202 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அடிக்கடி ரத்தமோ ஸ்கேனோ எடுத்துப் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பேருக்கு, குணமாக்கும் நோக்கத்தோடு அறுவை செய்யும் நிலையில் நோய் பிடிபட்டது. அறிகுறி வந்தால் மட்டும் வாருங்கள் என்று விடப்பட்டவர்களில் அது 2.3 பேர். ஆனால் மொத்தச் சாவுக் கணக்கில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. மறுபரிசோதனை எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு சிலருக்கு அது இரண்டாவது வாய்ப்பைத் தருகிறது. அந்த ஒரு சிலர் யார் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லோரும் வர வேண்டியிருக்கிறது.

சந்தேகம் வந்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, அது நோய்தானா என்று உறுதி செய்வது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் தழும்புத் திசு கெட்டியாக இருக்கும். ஸ்கேனில் அதுவும் கட்டி போலவே தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்து, வேண்டுமானால் பெட் ஸ்கேன் எடுத்து, முடிந்தால் ஊசியால் சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அடுத்தது, உடம்பில் வேறெங்கும் இருக்கிறதா என்று தேடுவது. மூன்றாவதுதான் கடினமான கேள்வி: இதை விளிம்பில் ஒரு செல்லும் மிச்சமில்லாமல் வெட்டி எடுக்க முடியுமா? குடலை இணைத்த இடத்திலேயே, நடுவில் வந்திருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கும். முன்பக்கம் மூத்திரப்பையையோ கருப்பையையோ பற்றியிருந்தால் அவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். பின்பக்கம் திரிக எலும்பில் ஒட்டியிருந்தால் எலும்பின் ஒரு பகுதியையும் வெட்ட வேண்டியிருக்கும். பக்கச் சுவரில், பெரிய ரத்தக் குழாய்களையும் காலுக்குப் போகும் நரம்பையும் பற்றியிருந்தால்தான் மிகக் கடினம்.

ஒரு மருத்துவர் தனியாக எடுக்கும் முடிவாக இது இருக்கக் கூடாது. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துச் சிகிச்சை மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர், திசுவைப் பார்ப்பவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அப்படிப் பேசினார்களா என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. புதுச்சேரி மக்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலான ஜிப்மர், கோரிமேட்டில், மண்டலப் புற்றுநோய் மையத்தோடு இருக்கிறது. பல மாநிலங்களில் நூறு, இருநூறு கிலோமீட்டர் போனால்தான் கிடைப்பது, வில்லியனூர்க்காரருக்கு இந்திராகாந்தி சிலையில் இறங்கி அடுத்த பஸ் ஏறினால் கிடைக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையமும் சென்னையில், ஒரு காலைப் பயணத்தில் போகும் தூரத்தில்தான்.

இனி சிகிச்சை. முன்பு கதிர்வீச்சு எடுக்காதவர் என்றால் முழு அளவு கதிர்வீச்சும் அதோடு மாத்திரையும் கொடுத்து, கட்டியைச் சுருக்கி, சில வாரம் பொறுத்து அறுவை செய்வார்கள். முன்பே எடுத்தவர் என்றால் “மறுபடி கரன்ட் வைக்க முடியாது” என்று ஊரில் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. சிறிய அளவாகப் பிரித்து, பல இடங்களில் ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக, மொத்தம் 30 முதல் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை இரண்டாம் முறை கொடுக்கும் வழி இருக்கிறது. குடலுக்கும் மூத்திரப்பைக்கும் ஏற்கெனவே விழுந்த அளவைக் கணக்கிட்டுத்தான் அதைச் செய்ய முடியும். பழைய கதிர்வீச்சு விவரம் கையில் இல்லையென்றால் கணக்குப் போடுவதே சிரமமாகிவிடும்.

அறுவைதான் குணமாக்கும் வழி. 1948இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக், இடுப்புக் குழியிலுள்ள உறுப்புகளை மொத்தமாக எடுக்கும் அறுவையை முதன்முதலாக விரித்து எழுதினார். கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றியவர்களுக்காகச் செய்தது அது. முதல் 22 பேரில் ஐந்து பேர் அறுவையின் காரணமாகவே இறந்தார்கள். பலர் அதைக் கொடூரம் என்றார்கள். எழுபது ஆண்டுகளில் ரத்த வங்கியும் மயக்க மருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவும் முன்னேறியதில் அதே அறுவை இன்று திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சையாகிவிட்டது. திரும்பி வந்த மலக்குடல் புற்றுநோய்க்காக இத்தகைய அறுவை செய்துகொண்ட 1,184 பேரின் விவரங்களை 27 மையங்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்டன. பாதிக்கும் சற்று அதிகமானவர்களுக்கு நோயை விளிம்பு சுத்தமாக எடுக்க முடிந்திருந்தது. அவர்களில் நூற்றுக்கு 48 பேர் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் மிச்சம் இருந்தவர்களில் 34 பேர். கண்ணுக்குத் தெரியும் மிச்சம் விட்டவர்களில் 15 பேர். மேசையில் உட்கார்ந்து ‘சுத்தமாக எடுக்க முடியுமா’ என்று மருத்துவர்கள் மணிக்கணக்கில் பேசுவது இந்த மூன்று எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்காகத்தான். முடியாது என்று தெரிந்தும் வெட்டுவது நோயாளிக்கு வேதனையை மட்டுமே கூட்டும். அதற்கு மறுக்கும் மருத்துவர் அக்கறையோடுதான் மறுக்கிறார்.

இந்த அறுவை எப்படிப்பட்டது என்பதைக் குடும்பத்துக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைக் குழுக்கள் வேலை செய்யும். எடுத்த இடத்தின் வெற்றிடத்தைத் தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ சதை கொண்டுவந்து நிரப்புவார்கள். மூத்திரப்பையும் போனால் வயிற்றில் இரண்டு பைகள், ஒன்று மலத்துக்கு, ஒன்று மூத்திரத்துக்கு. புண் ஆற மாதங்கள் ஆகலாம். தாம்பத்திய வாழ்க்கை பாதிக்கப்படும். இதைக் கணவனிடமும் மனைவியிடமும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. நோயாளிகள் பலர் இதைப் பற்றிக் கேட்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். மருத்துவர்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

பையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம், ஏனென்றால் நம் கிராமங்களில் அறுவையை மறுக்கிறவர்கள் பெரும்பாலும் சாவுக்குப் பயந்து மறுப்பதில்லை, பைக்குப் பயந்து மறுக்கிறார்கள். நாற்றம் அடிக்கும், கல்யாணம் காட்சிக்குப் போக முடியாது, கோயிலுக்குள் எப்படி நுழைவது, பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்ற கவலைகள். இவை சின்னக் கவலைகள் இல்லை. ஆனால் சரியாக ஒட்டிய பையிலிருந்து நாற்றம் வெளியே வராது. பையோடு குளிக்கலாம், வயல் வேலை பார்க்கலாம், ஊசுடு ஏரிக்கரையில் நடந்துவிட்டும் வரலாம். அதிகப் பாரம் தூக்குவது மட்டும் கூடாது, தூக்கினால் அந்த இடத்தில் குடல் பிதுங்கும். முக்கியமான ஒன்று, வயிற்றில் துளை எங்கே வர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவைத்து, குனியவைத்து, நிற்கவைத்துக் குறிக்க வேண்டும். கைலி முடிச்சு போடும் இடத்திலோ புடவைக் கொசுவம் செருகும் இடத்திலோ அது வந்துவிட்டால் பை நாள்தோறும் கழன்று, தோல் வெந்து, மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். ஐந்து நிமிட வேலை, ஒரு மைப் பேனா. அதற்காகக் கேட்டு நிற்பதில் தப்பே இல்லை.

கல்லீரலில் மட்டும் சில கட்டிகளாகத் திரும்பியிருந்தால், அதையும் வெட்டி எடுக்கலாம். வெட்டிய பிறகு வளரும் தன்மை கல்லீரலுக்கு உண்டு. அப்படி எடுக்க முடிந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள். நுரையீரலிலும் ஒன்றிரண்டு என்றால் அதே யோசனை. பல இடங்களில் என்றால் மருந்துதான். அந்த மருந்துகளில் ஆக்சாலிபிளாட்டின் என்ற ஒன்று விரல்களையும் பாதங்களையும் மரத்துப்போகச் செய்யும், குளிர்ந்த நீர் பட்டால் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். சேற்றில் இறங்கி வேலை செய்கிறவருக்கு, காலில் முள் குத்தினாலும் தெரியாது. இதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். சொல்லாமல் பொறுத்துக்கொண்டால் மரப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

அண்மைக் காலத்தில் வந்த இரண்டு செய்திகள் இந்த நோயின் பேச்சையே மாற்றியிருக்கின்றன. ஒன்று, பிரேசிலின் சாவ் பாவுலோவில் ஆஞ்சலிட்டா ஹாப்ர்-காமா என்ற பெண் அறுவை மருத்துவர் முன்வைத்தது. கதிர்வீச்சிலும் மருந்திலும் கட்டி முழுவதும் மறைந்துவிட்டவர்களுக்கு உடனே அறுவை செய்யாமல் கூர்ந்து கவனித்துக்கொண்டிருக்கலாம் என்றார். 2004இல் அவர் முடிவுகளை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 2018இல் பல நாடுகள் சேர்ந்து 880 பேரின் விவரங்களைத் தொகுத்தன. இரண்டாண்டுக்குள் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்குக் கட்டி மறுபடி வளர்ந்தது. வளர்ந்தவற்றில் நூற்றுக்கு 97 குடல் சுவரிலேயே இருந்ததால் விரலாலும் உள்நோக்கிக் கருவியாலும் கண்டுபிடிக்க முடிந்தது. இதைக் கேட்டு, “கட்டி மறைஞ்சிடுச்சு, ஆபரேஷன் வேணாம்” என்று ஊருக்குப் போய்விடுவதுதான் ஆபத்து. அந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர் முதல் இரண்டாண்டுகள் சொன்ன தேதியில், தவறாமல் வந்தே ஆக வேண்டும். வர முடியாத குடும்பச் சூழல் உள்ளவருக்கு அறுவையே பாதுகாப்பு.

மற்றொன்று, நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஆண்ட்ரியா செர்செக் குழு 2022இல் வெளியிட்டது. செல்களில் மரபுப் பிழையைத் திருத்தும் அமைப்பு கெட்டுப்போன ஒருவகை மலக்குடல் புற்றுநோய் உண்டு. அந்த வகை உள்ளவர்களுக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் டோஸ்டார்லிமாப் மருந்தை மட்டும் கொடுத்தார்கள். சிகிச்சை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி முழுவதும் மறைந்தது. அவர்கள் முதல் முறை நோய் வந்தவர்கள். திரும்பிப் பரவிய நோயிலும் இந்த வகைக்கு இதே இனத்தைச் சேர்ந்த மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் மலக்குடல் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் இந்த வகை. மருந்தின் விலையும் கூலி வேலை செய்யும் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. இருந்தாலும் அந்த வகையா என்று பார்க்கும் பரிசோதனை, எடுத்த சதைத் துண்டிலேயே செய்யக்கூடியது, மருந்தோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. இளம் வயதில் நோய் வந்தவருக்கும், குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்தவருக்கும் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அது பரம்பரையாக வருவதாக இருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

எடுக்கவே முடியாத நிலை என்று தெரிந்த பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. ரத்தப்போக்கையும் எலும்பு வலியையும் சில நாள் கதிர்வீச்சு கட்டுப்படுத்தும். குடல் அடைத்தால் வயிற்றில் வழிவைக்கலாம். மூத்திரக் குழாய் அழுந்திச் சிறுநீரகம் வீங்கினால் உள்ளே சிறு குழாய் பொருத்தலாம். இடுப்பு நரம்பைப் பற்றிய கட்டியின் வலி மிகக் கொடியது, இரவில் தூங்கவிடாது. அதற்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. 2014இல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதைக் கொடுப்பதை எளிதாக்கியது. “அது கடைசியில குடுக்குறது”, “பழக்கமாயிடும்” என்று வீட்டார் மாத்திரையை ஒளித்துவைப்பது உண்டு. வலிக்கு ஏற்ற அளவில் மருத்துவர் சொன்னபடி கொடுத்தால் அது போதையாவது அரிது. வலியில்லாமல் நான்கு வாய் சோறு சாப்பிடவும் பேரப்பிள்ளையோடு பேசவும் அது உதவும். வலியைத் தாங்குவதில் எந்தப் பெருமையும் இல்லை.

கடைசியாக, ஊரில் செய்யக்கூடியவை. சிகிச்சை எடுத்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் கவரில் நான்கு தாள்கள் இருக்க வேண்டும்: டிஸ்சார்ஜ் சுருக்கம், சதைப் பரிசோதனை முடிவு, எத்தனை கிரே கதிர்வீச்சு எந்தத் தேதிகளில் கொடுத்தார்கள் என்ற விவரம், எல்லா சிஇஏ எண்களும். வெள்ளத்திலும் கூரை ஒழுகலிலும் நனையாத இடத்தில் அது இருக்க வேண்டும். மருத்துவமனை மாறினாலும் ஊர் மாறினாலும் அது கூடவே போக வேண்டும். ஆயுஷ்மான் பாரத் அட்டைக்குத் தகுதி உள்ள குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம், அந்த அட்டையையும் அதே கவரில் வைக்கலாம்.

பாகூர், வில்லியனூர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், புதுச்சேரியின் இராமநாதபுரத்தில் இருக்கும் ஜிப்மரின் கிராமப்புற மையத்திலும், சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பதிவேடு வைத்திருக்கிறார்கள். தவணைக்கு வராத கர்ப்பிணியின் வீட்டுக்குச் செவிலியர் நேரே போய்க் கதவைத் தட்டுகிறார். மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களின் பெயர்களும், அவர்களின் அடுத்த பரிசோதனைத் தேதியும் அதே போன்ற ஒரு நோட்டில் ஏறினால் போதும். ஒரு கொம்யூனில் அவர்கள் பெருங்கூட்டமாக இருக்கப்போவதில்லை. சிஇஏ-க்கு ரத்தத்தை இங்கேயே எடுத்து அனுப்பிவிட்டால், எண் ஏறியவர் மட்டும் கோரிமேட்டுக்குப் போனால் போதும், மற்றவர்களுக்கு ஒருநாள் கூலியாவது மிஞ்சும். புதிய கட்டடமோ புதிய பணியிடமோ கேட்காத ஏற்பாடு இது. கொம்யூன் பஞ்சாயத்தும் சுகாதார நிலைய மருத்துவரும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் அடுத்த மாதமே தொடங்கலாம்.